முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று

சங்கிலியம்மாளின் வலது கண்ணில் மயில்துத்தம் பட்டது போன ஐப்பசியில். பண்ணைப்புரத்துக்கு மேற்கே அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் உண்டு. புருசன் அம்மாவாசி முன்னால் மருந்தடித்துப் போக, அவள் பின்னால் குழாயைத் தூக்கிப் பிடித்து நடந்தாள். குழாய் ஓரிடத்தில் வெடித்து, துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து முகத்தில் பீய்ச்சியடித்தது. மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கட்டோடு கிடந்தாள். பழைய குழாயை மாற்றச் சொல்லி அவள் எத்தனை தடவை சொன்னாள் என்று வராந்தாவில் உட்கார்ந்து நினைத்து நினைத்து மருகினார் அம்மாவாசி. கட்டை அவிழ்த்த டாக்டர் இரண்டு விரலைக் காட்டி, "எத்தனை?" என்றார்.

"வெரல் கெடக்கட்டும். ஒங்க சட்டையில மூணாவது பட்டன் தொங்குது" என்றாள் சங்கிலியம்மாள். வெளியே நின்ற அம்மாவாசி துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

கட்டுக்குள் கிடந்தபோதே அவள் வீரபாண்டி கௌமாரிக்கு நேர்ந்திருந்தாள். கண் திரும்பினால் சித்திரைத் திருவிழாவில் வெள்ளிக் கண்மலர் செலுத்துவது. கண்மலர் என்றால் வெள்ளித் தகட்டில் செய்த இரண்டு கண்கள். கண் கொடுத்த ஆத்தாளுக்குக் கண்ணையே காணிக்கையாகக் கொடுப்பது. கண்மலர் திருவிழாக் கடைகளில் தட்டுத் தட்டாகக் குவிந்து கிடக்கும். ஆனால் முந்தைய வருசம் அம்மாவாசியின் தங்கை மொக்கம்மாள் கடமலைக்குண்டிலிருந்து வந்து ஒரு ஜோடி வாங்கி, வரிசையில் நின்று சன்னதிக்குப் போய்ச் சேர்வதற்குள் அது கையிலேயே கறுத்துவிட்டது. அதிலிருந்து சங்கிலியம்மாள் கடை வெள்ளியை நம்புவதில்லை.

"கலப்பட வெள்ளியக் குடுத்தா ஆத்தா கலப்படக் கண்ணத்தான் குடுப்பா. சுத்த வெள்ளி வேணும்" என்று சொல்லிவிட்டாள்.

வழி சொன்னவள் மகள் சினேகா. தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். அரசாங்க நாணயச் சாலையே வெள்ளிக் காசு விற்கிறது, சுத்தம் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது என்று முத்திரையோடு வரும், அதை வாங்கி உருக்கிக் கண்மலர் செய்துவிடலாம் என்றாள். செல்போனிலேயே பார்த்து, இருப்பதில் விலை குறைந்ததாக ஒன்றைப் பதிவு செய்தாள். அனைத்திந்திய எல்லைக்கல் வாரியத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவு வெள்ளி நாணயம். நாற்பது கிராம். எல்லைக்கல்லுக்கு ஒரு வாரியம் இருப்பதே அம்மாவாசிக்கு அன்றுதான் தெரியும்.

ஐந்து மாதம் கழித்து, வீரபாண்டி கோயிலில் திருவிழாக் கம்பம் நட்ட நாலாம் நாள் காசு வந்தது. அட்டைப்பெட்டிக்குள் மரப்பெட்டி, மரப்பெட்டிக்குள் வெல்வெட்டு, வெல்வெட்டுக்குள் கண்ணாடிச் சிமிழ். சினேகா அதைப் படம் பிடித்து, 'அம்மாவோட கண்ணு வந்துருச்சு' என்று எழுதி வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டாள். திருவிழாவுக்குப் பதினேழு நாள் இருந்தது. போதும் போதும் என்கிற அவகாசம்.

அந்தப் படம் ராத்திரியோடு ராத்திரியாகக் கைமாறிக் கைமாறிப் போயிருக்க வேண்டும். மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது.

இறங்கியவர்கள் மூன்று பேர். மூவர் கையிலும் வெள்ளைத் துணிக் கையுறை. முதலில் வந்தவர் தன்னைத் தேனி மாவட்டக் குறைவெளியீட்டு நவீன வெள்ளி நாணயச் சேகரிப்போர் பேரவையின் தலைவர் விஜய்ராஜ் என்று சொல்லிக்கொண்டார். ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர். முப்பத்தோரு வருசம் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பிய கை அது. ஓய்வுக்குப் பிறகு அனுப்ப ஒன்றும் இல்லாமல் தவித்து, பேரவையை அவரே ஏற்படுத்தினார். இரண்டாமவர் செயலாளர் தமிழ்மாறன், போடியில் ஏலக்காய் வியாபாரம். மூன்றாமவர் தர நிர்ணய அலுவலர் மதன்குமார். பாலிடெக்னிக்கில் உலோகம் பற்றிப் பாடம் நடத்துபவர், அதனால் அவர் சொன்னால் அறிவியல்.

"நாணயம் எங்கே இருக்கிறது?" என்றார் விஜய்ராஜ்.

"காசுங்களா? ரேசன் கார்டு டப்பாவுல போட்டு வச்சிருக்கோம் சார்."

விஜய்ராஜ் பக்கத்திலிருந்த மருந்து டிரம்மைப் பிடித்துக்கொண்டார். மதன்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் மாட்டினார்.

"அம்மாவாசி அவர்களே, இந்த நாட்டில் நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் இந்த நாணயம் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஏன் தெரியுமா?"

"தெரியலையே சார்."

"வேறு யாருமே கேட்கவில்லை. விளம்பரம் செய்தார்கள், ஒருவரும் சீந்தவில்லை. தேதியை நீட்டித்தார்கள், அப்போதும் சீந்தவில்லை. எல்லைக்கல் வாரியத்தில் வேலை பார்ப்பவர்களே வாங்கவில்லை. இந்தியாவில் எவருக்கும் வேண்டாத நாணயம்! அதன் மதிப்பை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது."

தலைவர் உண்மையாகவே கையுறையை விலக்கி, புல்லரித்த முன்கையைக் காட்டினார். வந்தவர்கள் கௌரவமானவர்களாக இருக்கவே அம்மாவாசியும் வெள்ளந்தியாக, "நல்லதுங்க சார். நாளைக்கிச் சின்னமனூருக்குக் கொண்டு போயி உருக்கக் குடுக்கணும்" என்றார்.

"உருக்கவா?" என்று தமிழ்மாறன் இரண்டு தடவை கேட்டார்.

விஜய்ராஜ் பதினைந்து நிமிடம் பேசினார். வரலாறு என்ற சொல் பத்துத் தடவையாவது வந்தது. அம்மாவாசி சளைக்காமல், நேர்த்திக்கடன் சார், ஆத்தா சார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் தமிழ்மாறன் தோளில் கைபோட்டு அவரைத் தனியே அழைத்துப் போனார்.

"அண்ணே, உருக்குறது உருக்காதது பெறகு. மொதல்ல அதுக்குத் தரம் போட வேணாமா? ஏலக்காய்ல நாம என்ன செய்றோம்? சாம்பிள் குடுக்குறோம். தரம் சொல்றாக. அம்புட்டுத்தான். காச ஒரு சாம்பிளாக் குடுங்க."

போடி ஏலத்துக்குச் சாம்பிளாகப் போன ஏலக்காயில் ஒரு காய்கூட வீடு திரும்பியதில்லை என்பது இந்தப் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். அம்மாவாசியே பத்து வருசம் அந்த மலையில் காய் எடுத்தவர். ஆனால் சாம்பிள் என்று கேட்டால் கொடுக்காத கை இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. கேட்கிறவர் மடியில் கட்டிக்கொண்டு போவதைச் சிரித்தபடி பார்த்துப் பழகிப்போனவர்கள். அவர் உள்ளே போய் டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். பதிலுக்கு ஒப்புகைச் சீட்டு ஒன்று கிடைத்தது. அதில் பேரவையின் பெயரே முக்கால் பக்கம் இருந்தது.

பம்புசெட்டிலிருந்து திரும்பிய சங்கிலியம்மாள் சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"கண்ணு போனது எனக்கா, ஒங்களுக்கா?"

அம்மாவாசி ரேசன் கார்டு டப்பாவை மூடி வைத்தார்.

"இந்தச் சீட்டையா ஆத்தா காலடியில வைக்க? சாமிகிட்டச் சொல்லிட்டு மாறினா என்ன ஆகும்னு தெரியும்ல? இன்னைக்கும் காலையில எந்திரிச்சா மொத வேலையா ஒரு கண்ண மூடி மறு கண்ணால சொவத்துக் காலண்டரப் படிச்சுப் பாக்குறேன், தெரியுதா போயிருச்சான்னு. ஒங்களுக்கு எங்கன தெரியப் போகுது" என்றாள். காலண்டர் விசயம் அம்மாவாசிக்குத் தெரியாது.

ஒரு வாரம் கழித்துத்தான் பேரவை நேரம் ஒதுக்கியது. தேனியில் பெரியகுளம் சாலையில் ஓர் உரக்கடையின் மாடி. செருப்பை வெளியே விட வேண்டும். வாயைத் துணியால் மூட வேண்டும், ஏனென்றால் மூச்சுக்காற்றில் ஈரம் உண்டு. ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை. நடுவில் இரும்பு பீரோ, அதற்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று நிர்வாகிகளிடம் ஆளுக்கொன்றாக இருந்தன. மூவரும் சேர்ந்து வந்தாலொழியத் திறக்க முடியாது, மூவரும் இதுவரை ஒருவரையொருவர் நம்பிச் சேர்ந்து வந்தது உள்ளே வைப்பதற்கு மட்டும்தான்.

கூட்டம் தொடங்குமுன் எல்லாரும் எழுந்து நின்று உறுதிமொழி சொன்னார்கள். "தொட மாட்டேன். திறக்க மாட்டேன். பார்க்க மாட்டேன்."

அம்மாவாசி பக்கத்திலிருந்தவரிடம் கிசுகிசுத்தார். "எதப் பாக்க மாட்டேங்கிறீக?"

"நாணயத்த."

"யாரோட நாணயத்த?"

"எங்களோடதத்தான்."

விஜய்ராஜ் காதில் விழுந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. விவரம் அறியாத பொதுமக்களுக்கு விளக்குவதற்கென்றே அவரிடம் தனிக் குரல் ஒன்று இருந்தது. "எங்கள் உறுப்பினர்கள் இருபத்து மூன்று பேரும் எல்லைக்கல் நாணயம் வைத்திருக்கிறார்கள். ஒருவர்கூடப் பெட்டியின் ஒட்டுத்தாளைக் கிழித்ததில்லை. திறந்தால் காற்று படும். காற்று பட்டால் தரம் இறங்கும். பார்ப்பதற்காகக் காசு வாங்குகிறவன் சாதாரண மனிதன். பார்க்காமல் வைத்திருப்பவன்தான் சேகரிப்பாளன்."

கைதட்டினார்கள். கையுறை போட்டிருந்ததால் சத்தம் வரவில்லை.

அடுத்து மதன்குமார் எழுந்து தரத்தை அறிவித்தார். எழுபது மதிப்பெண்ணுக்கு. திறக்காத பெட்டிக்கு எழுபது முழுசாகக் கிடைக்கும். அம்மாவாசியின் பெட்டி திறக்கப்பட்டிருக்கிறது. ரேஷன் அட்டையோடு ஓர் இரவு தங்கியிருக்கிறது. செல்போன் வெளிச்சம் அடித்துப் படம் எடுக்கப்பட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, குடும்பத்தில் மூன்று பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள். "இதற்குப் பார்வைப் பழுது என்று பெயர். மூவர் பார்வை. ஐம்பத்தெட்டு."

"நீங்க பெட்டியத் தொறக்கவே இல்லையே சார். பாக்காம எப்பிடித் தரம் சொல்றீக?"

"பார்த்துவிட்டு யார் வேண்டுமானாலும் சொல்லலாம்" என்றார் மதன்குமார்.

அம்மாவாசிக்கு என்ன தோன்றியதோ, உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். "சார், எங்க வீட்ல ஒத்தக் கண்ணாலதான் பாத்துச்சு. வலது கண்ணுக்கு அப்பத்தான் சொட்டு மருந்து விட்டு மூடியிருந்துச்சு."

மதன்குமார் யோசித்தார். கால்குலேட்டரை எடுத்தார். "அப்படியானால் பார்த்தது இரண்டரைப் பேர். ஐம்பத்தெட்டரை" என்று திருத்தி எழுதினார். பக்கத்திலிருந்தவர் அம்மாவாசியின் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார்.

தரம் போட்டாயிற்று, காசைக் கொடுங்கள் என்று அம்மாவாசி கேட்டார். அதற்கு மூன்றாம் எண் படிவம் இருந்தது. திரும்பப் பெறும் விண்ணப்பம். அதன் கீழே உருக்காமை உறுதிமொழி. இன்ன நாணயத்தை நானோ என் வாரிசுகளோ சம்பந்திகளோ எக்காலத்தும் உருக்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

"உருக்கத்தான சார் வாங்குனேன்."

"அப்படியென்றால் நாணயம் இங்கே பத்திரமாக இருக்கும்" என்றார் விஜய்ராஜ், மிகுந்த கனிவோடு.

போலீசுக்குப் போகலாம் என்றாள் சினேகா. போலீசில் போய், என் காசைப் பார்க்காமல் வைத்திருக்கிறார்கள் என்று எப்படிப் புகார் எழுதுவது என்று அம்மாவாசிக்குப் புரியவில்லை. திருவிழாவுக்கு இன்னும் ஒன்பது நாள். சங்கிலியம்மாள் மஞ்சள் சேலை எடுத்து வைத்திருந்தாள். காலண்டருக்கு முன்னால் கூடுதல் நேரம் நின்றாள்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகத் தமிழ்மாறன் பந்தலுக்கே வந்துவிட்டார். காரைக் காணோம், பைக்கில் வந்திருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து பந்தலுக்குள் நுழைந்தார்.

"அண்ணே, ஆத்தா காரியம். விட்ராதீக. உருக்கிப்புடுங்க."

"நீங்கதான அன்னைக்கி..."

"அது பேரவை. இது நான் பேசுறேன். எங்கிட்ட ரெண்டு இருக்குண்ணே. முந்நூத்திப் பன்னெண்டுல ஒண்ணு கொறஞ்சா முந்நூத்திப் பதினொண்ணு. உங்க காசு போகப் போக என் காசு ஒசத்தி. நான் வந்தத யார்ட்டயும் சொல்லிராதீக."

மத்தியானம் மதன்குமார் வந்தார். அறிவியல் நோக்கில் பார்த்தால், ஐம்பத்தெட்டரைத் தரமுள்ள நாணயம் உலகில் இருப்பது மற்ற நாணயங்களுக்கு இழுக்கு என்றும், பழுதானதை அகற்றுவது பயிருக்குக் கவாத்து செய்வது போன்றது என்றும் சொன்னார். சொல்லும்போது ஒரு திராட்சைக் கொத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். தான் வந்தது தெரியக்கூடாது என்று அவரும் கேட்டுக்கொண்டார்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் இறங்கினார். விஜய்ராஜ்.

"நான் இங்கே வரவில்லை" என்றார் நாற்காலியில் உட்கார்ந்தபடி.

"சரிங்க சார்."

"வராத நான் உங்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். தெய்வ காரியத்தில் தாமதம் கூடாது. உருக்கிவிடுங்கள்."

"அப்பச் சாவியக் குடுங்க சார், எடுத்துக்கிறேன்."

"சாவியைக் கொடுத்தால் நான் கொடுத்ததாக ஆகிவிடுமே" என்றார் விஜய்ராஜ், பதறிப்போய். மோர் குடித்துவிட்டு, வராதவராகவே திரும்பிப் போனார்.

அம்மாவாசிக்குத் தலை சுற்றியது. ஒரு நாளில் மூன்று பேர், மூவரும் ரகசியமாக, மூவரும் ஒரே விசயத்தை. "தனியா வந்தா உருக்குங்கிறாக. சேந்து ஒக்காந்தா உருக்காதங்கிறாக. எனக்கு ஒண்ணும் ஓடல சங்கிலி" என்றார்.

ஒரு வாரமாகச் சிரிக்காத சங்கிலியம்மாள் அப்போது சிரித்தாள். "எங்க மகளிர் குழுவுல தலைவி மாத்துறப்ப எப்பிடிங்கிறீக? கையத் தூக்கச் சொன்னா அம்புட்டுப் பேரும் மலையம்மாளுக்குத் தூக்குவாக. சீட்டுல எழுதச் சொன்னா அவளுக்கு அவ ஓட்டு மட்டும்தான் விழும். சீட்டுப் போடச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை அவசரப் பொதுக்குழு கூடியது. விண்ணப்பத்தைச் சினேகா எழுதியிருந்தாள். ரகசிய வாக்கெடுப்பு என்ற சொல்லைப் பார்த்ததுமே விஜய்ராஜின் முகம் மலர்ந்துவிட்டது, அதற்கு ஒரு படிவம் தயாரிக்கலாமே. முதலில் பேச்சுகள். உருக்குவது வரலாற்றுக் கொலை என்றார் மதன்குமார். என் பிணத்தின் மேல் ஏறித்தான் உருக்க வேண்டும் என்றார் தமிழ்மாறன். விஜய்ராஜ் பேசும்போது அழுதார். கையுறையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்துப் பேர் பேசினார்கள், அத்தனை பேரும் நாணயத்தைக் காப்போம் என்றே முடித்தார்கள். பிறகு சீட்டு எழுதிப் பானையில் போட்டார்கள்.

இருபத்து மூன்று சீட்டு. விஜய்ராஜ் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். "உருக்கலாம். உருக்கலாம். உருக்கலாம்." பன்னிரண்டாவது சீட்டில் 'சீக்கிரம்' என்று கூடுதலாக ஒரு சொல் இருந்தது. கடைசிச் சீட்டு வரை அதே. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ஆழ்ந்த துயரத்துடன் பேரவை ஏகமனதாக அனுமதிக்கிறது" என்றார் தலைவர்.

நிபந்தனை இல்லாமலா? உருக்கும்போது நிர்வாகிகள் நேரில் சாட்சியாக இருக்க வேண்டும். காசு உண்மையிலேயே ஒழிந்தது என்று தெரிந்தால்தானே மீதிக் காசுகளுக்கு நிம்மதி.

செவ்வாய்க்கிழமை, திருவிழாவின் முதல் நாள் காலை, சின்னமனூரில் கார்த்திக்ராஜின் நகைப்பட்டறை. ஒரு பாய் விரிக்கும் இடம்தான். அதில் அம்மாவாசி, மஞ்சள் சேலையில் சங்கிலியம்மாள், கையுறையோடு மூன்று நிர்வாகிகள். கார்த்திக்ராஜ் வெள்ளி உருக்கும் மூசையை அடுப்பில் வைத்துவிட்டு, சிமிழைக் கல்லில் தட்டி உடைத்தார். மூவரும் ஒருசேரக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"இனிமே என்ன சார், பாருங்க. நெருப்புக்குப் போறதுதான" என்றார் கார்த்திக்ராஜ்.

அதுவும் சரிதான் என்று பட்டது. மெல்லக் கண்ணைத் திறந்தார்கள். தங்கள் வீடுகளில் வெல்வெட்டுக்குள் வைத்திருக்கும் நாணயத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

ஒரு பக்கம் எல்லைக்கல். கார்த்திக்ராஜ் திருப்பிக் காட்டினார். சிங்கத் தலைக்குக் கீழே, மறு பக்கத்திலும் அதே கல், சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் தெரிகிற மாதிரி.

"கல்லு" என்றார் தமிழ்மாறன். கொஞ்சம் பொறுத்து, "எங்கிட்ட இதுல ரெண்டு இருக்கு" என்றார்.

காசை மூசைக்குள் போட்டு வெண்காரத்தைத் தூவினார் கார்த்திக்ராஜ். கல்லும் சிங்கமும் நெளிந்து கலைந்தன. விஜய்ராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினார்: முற்பகல் ஒன்பது நாற்பத்திரண்டு, வெளியீடு முந்நூற்றுப் பதினொன்று. மதன்குமார் கை கொடுத்தார். பிறகு துயரம் ஞாபகம் வந்து மூவரும் ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றார்கள்.

அத்தோடு போயிருக்கலாம். ஆனால் கார்த்திக்ராஜ் தகடு தட்டும் அழகைப் பார்த்து நின்றுவிட்டார்கள். மெல்லிய இரண்டு தகடுகள். ஒவ்வொன்றிலும் இமை, புருவம், நடுவில் கருவிழி. கடைசியில் அவற்றை எடுத்துச் சங்கிலியம்மாளின் உள்ளங்கையில் வைத்தார். அவள் வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தாள். இடது கண்ணை மூடி, காப்பாற்றப்பட்ட கண்ணால் ஒரு முறை. அவளுக்கு அழுகை வந்தது. அம்மாவாசி அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விட்டார்.

விஜய்ராஜ் கார்த்திக்ராஜின் காதருகே குனிந்தார். "இதே மாதிரி இன்னும் எத்தனை செய்திருக்கிறீர்கள்?"

"இதே மாதிரியா? இது கையடி சார், அச்சு கெடையாது. இந்த ரெண்டுதான்."

"மொத்தமே இரண்டு" என்றார் விஜய்ராஜ்.

தமிழ்மாறன் நிமிர்ந்தார். மதன்குமார் கண்ணாடியைக் கழற்றினார். முந்நூற்றுப் பதினொன்று என்ற எண் அந்தக் கணத்தில் மூவருக்கும் அற்பமாகிவிட்டது. தெருமுனைக்குப் போய் நின்று ஐந்து நிமிடத்தில் துணைக்குழு ஒன்றை அமைத்தார்கள். அவர்கள் திரும்பி உள்ளே வருவதற்குள் புருசனும் பெண்டாட்டியும் வீரபாண்டி பஸ் ஏறியிருந்தார்கள்.

வீரபாண்டியில் கால் வைக்க இடமில்லை. முல்லையாற்றில் முழுகி எழுந்தவர்கள் குடத்துத் தண்ணீரைக் கோயில் கம்பத்துக்கு ஊற்ற ஓடினார்கள். அக்கினிச் சட்டிகள் ஒரு பக்கம், முளைப்பாரி ஒரு பக்கம். வரிசையில் நின்ற சங்கிலியம்மாளுக்குப் பின்னால் மூன்று பேர் முண்டியடித்து வந்து சேர்ந்தார்கள். யார் குடமோ கவிழ்ந்து தலைவர் தொப்பலாக நனைந்திருந்தார். கையுறையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அம்மா, ஒரு வேண்டுகோள். சாமிக்குக் காட்டிவிட்டு எங்களிடம் கொடுத்துவிடுங்கள். எங்கள் பீரோவில் இருக்கட்டும். வெளிச்சம் படாது. கை படாது. மூன்று பூட்டு, மூன்று சாவி. உலகம் அழியும் வரை ஒரு மனிதனும் அதைப் பார்க்க மாட்டான் என்று பேரவை எழுத்துமூலம் உறுதி தரும்."

"யாருமே பாக்க மாட்டாகளா?"

"சத்தியமாக."

சன்னதியில் பூசாரி கண்மலரைத் தட்டில் வாங்கி ஆத்தாளின் காலடியில் வைத்து எடுத்து, வேப்பிலையோடு அவள் கையில் தந்தார். சங்கிலியம்மாள் ஆத்தாளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். வலது கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு நேரே உண்டியலுக்குப் போய், மூன்று பேரையும் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"இங்கன வாங்க. நல்லாப் பாருங்க. இரும்புப் பொட்டி. உள்ள வெளிச்சம் போகாது. கை நொழையாது. மூணு பூட்டு, மூணு சாவி. மேல அரக்கு முத்திரை வேற. ஒங்க சட்டத்துக்கு இதவிட நல்ல எடம் இருக்கா சார்?"

விஜய்ராஜ் என்ன இருந்தாலும் விதிகளை மதிப்பவர். ஒவ்வொரு விதியாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். "இல்லை" என்றார் கடைசியில்.

அவள் முதல் கண்ணைப் போட்டாள். இரண்டாவது கண்ணைப் போட்டாள். உள்ளே சில்லறையின் மேல் விழும் சத்தம் இரண்டு தடவை கேட்டது.

"இப்ப எத்தன மார்க்கு?"

மதன்குமாரின் வாய் தானாகவே சொன்னது. "எழுபது."

விஜய்ராஜ் பொறுக்க மாட்டாமல் குனிந்து உண்டியலின் துவாரத்தில் கண்ணை வைத்தார். பார்க்க மாட்டேன் என்ற உறுதிமொழி அவருக்கு அந்த நேரத்தில் நினைவில்லை. இடது கண்ணை வைத்தார், வலது கண்ணை வைத்தார். "ஒன்றுமே தெரியவில்லையே" என்றார் ஏக்கத்தோடு.

பின்னால் வரிசை நெருக்கியது. அக்கினிச் சட்டியோடு நின்ற ஒரு பெண்ணுக்குக் கை சுட்டிருக்க வேண்டும். "கண்ணு தெரியலைன்னா ஆத்தாளுக்குக் கண்மலர் நேந்துக்கிறணும் சாமி. அதுக்கு இப்பிடி வழிய மறிச்சுக் குனிஞ்சு நிக்கிறதா? நகருங்க!"

தமிழ்மாறன் தலைவரின் நனைந்த தோளை ஆதரவாகப் பற்றி நிமிர்த்தினார். முகத்தில் அப்படியொரு அக்கறை.

"அந்தம்மா சொல்றது நியாயந்தான் தலைவரே. கண்ணு விசயம், தள்ளிப் போடாதீக. இன்னைக்கே நேந்துக்கங்க. சுத்த வெள்ளிக்கு அலையவும் வேணாம், உங்க பொட்டியிலதான் இருக்கே ஒண்ணு."